பொன் இல்லாத பதக்கம்

பொன்மலையில் பொன் கிடையாது. வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி இங்கே எல்லோருக்கும் அலுத்துவிட்டது. ரயில்வே ஒர்க்‌ஷாப் உண்டு, ஷிஃப்டுக்குச் சங்கு ஊதுவது உண்டு, ஞாயிற்றுக்கிழமைச் சந்தை உண்டு. பொன் மட்டும் பெயரோடு சரி. நாட்டின் மிக உயர்ந்த போர்க்கள வீர விருதான பரம் வீர் சக்ராவும் இதே ரகம்தான். அதில் குன்றிமணி அளவு பொன்கூட இல்லை. வெறும் வெண்கலம்.

அதற்கு அடுத்த நிலையில் இருக்கும் மகா வீர் சக்ரா வெள்ளி. அதற்கும் அடுத்த வீர் சக்ராவும் வெள்ளி. மேலே போகப் போக உலோகம் மலிவாகிறது! ஒலிம்பிக் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது தலைகீழ். இத்தனைக்கும் எதிரியை நேரில் சந்திக்காத வீரச் செயல்களுக்குத் தரும் இன்னொரு வரிசை ஒழுங்காகவே இருக்கிறது: அசோக சக்ராவுக்குப் பொன் முலாம், கீர்த்தி சக்ராவுக்கு வெள்ளி, சௌரிய சக்ராவுக்கு வெண்கலம். போர்க்களத்துக்கு மட்டும் ஏன் இந்தத் தலைகீழ்க் கணக்கு?

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். மோல்டராக, அதாவது உலோகம் வார்ப்பவராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெண்கலம் என்று நான் வாயெடுத்ததும் உள்ளே போனார். புஷ் எனப்படும் பழைய உலோக வளையம் ஒன்றை எடுத்துவந்து என் உள்ளங்கையில் வைத்தார். எலுமிச்சை அளவுதான், ஆனால் கை தாழ்ந்தது. “கன்மெட்டல், தம்பி. பேருலயே பீரங்கி இருக்கு பாரு” என்றார்.

வெண்கலத்தில் பெரும்பங்கான செம்பு மென்மையானது. அதன் அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கியிருக்கும். தட்டினால் ஒரு வரிசை இன்னொன்றின்மேல் வழுக்கிக்கொண்டு போகும், செம்பு வளையும். அதில் பத்தில் ஒரு பங்கு வெள்ளீயம் கலந்தால் கதை மாறுகிறது. வெள்ளீய அணு செம்பு அணுவைவிடப் பருமனானது. திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் காலை பஸ்ஸின் நடைபாதையில், தலையில் மூட்டையோடு நான்கு பேர் ஏறி நின்றால் என்ன ஆகும்? யாரும் நகர முடியாது. அதேதான் இங்கும். வரிசைகள் வழுக்குவது நிற்கிறது, உலோகம் கெட்டிப்படுகிறது. ஒரு உலோகத்துக்குள் இன்னொன்று இப்படிக் கரைந்து உட்கார்ந்துகொள்வதற்குத் திண்மக் கரைசல் என்று பெயர். காப்பியில் சர்க்கரை கரைவதுபோலத்தான், இரண்டும் உறைந்த நிலையில் இருக்கின்றன என்பது மட்டுமே வித்தியாசம். வெடிமருந்தின் அதிர்ச்சியைத் தாங்கவேண்டிய பீரங்கிக்கு இந்தக் கலவை வாகாக இருந்தது.

வீர விருதுக்குப் பீரங்கி உலோகம் வந்த வழி இதுதான். பிரிட்டன் 1856-இல் விக்டோரியா கிராஸ் விருதைத் தொடங்கியபோது, எதிரியிடம் பிடித்த பீரங்கியை உருக்கியே அதைச் செய்வது என்று முடிவானது. செவஸ்தபோலில் பிடிபட்ட ரஷ்யப் பீரங்கிகள் என்பது ஊரறிந்த கதை. பிற்காலத்தில் ஆராய்ந்து பார்த்தால், பதக்கத்துக்காக வெட்டியெடுத்த பீரங்கிகள் சீனத்தைச் சேர்ந்தவை! அந்த உலோகம் முரண்டும் பிடித்தது. எஃகு அச்சு வைத்து அடித்துப் பார்த்தார்கள், அச்சுதான் விரிசல் விட்டது. அதனால் பதக்கம் அடிப்பதை விட்டுவிட்டு மணலில் வார்த்தார்கள், கையால் செதுக்கி முடித்தார்கள். ராணியின் பெயரில் உள்ள விருது கடைசியில் மோல்டர் கைக்கு வந்து சேர்ந்தது. பெரியவருக்கு இந்த இடம் மிகவும் பிடித்துப்போனது. இரண்டு முறை சொல்லச் சொன்னார்.

பதிலுக்கு அவர் எனக்கு ஒன்று சொன்னார். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும். கன்மெட்டல் என்றால் நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு. ஆகவே மணலில் பதிக்கும் மரமாதிரியை, அதாவது பேட்டனை, கொஞ்சம் பெரிதாகச் செய்யவேண்டும். ஒவ்வொரு அளவுக்கும் உட்கார்ந்து கணக்குப் போட முடியுமா? அதற்காகவே ஒரு தனி ஸ்கேல் உண்டு. பார்வைக்குச் சாதாரண ஸ்கேல். ஆனால் அதன் ஓர் அடி, நம் அடியைவிட நான்கைந்து மில்லிமீட்டர் நீளம். பொய் சொல்லும் ஸ்கேல். அது பொய் சொல்வதால்தான் கடைசியில் அளவு மெய்யாகிறது.

நம் பதக்கத்துக்கு வருவோம். பரம் வீர் சக்ராவின் குறுக்களவு ஒன்றரை அங்குலம்கூட இல்லை, 1⅜ அங்குலம். சுமார் 35 மில்லிமீட்டர். நம் பத்து ரூபாய் நாணயம் 27. இந்தச் சின்ன வட்டத்தை வரைந்தவர் சுவிட்சர்லாந்தின் நியூசாடெல் நகரில் 1913-இல் பிறந்த பெண். அப்பா ஹங்கேரிக்காரர், அம்மா ரஷ்யர். இந்திய ராணுவ அதிகாரி விக்ரம் கானோல்கரை மணந்து சாவித்ரி கானோல்கர் ஆனார். சமஸ்கிருதமும் புராணங்களும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. விருதுகளை வடிவமைக்கும் பொறுப்பிலிருந்த மேஜர் ஜெனரல் ஹீரா லால் அடல் அவரை அணுகினார். சாவித்ரி பிடித்தது ததீசி முனிவரை. அசுரனைக் கொல்ல ஆயுதம் வேண்டுமென்று தேவர்கள் கேட்டபோது, உயிரை விட்டுத் தன் எலும்பையே கொடுத்தவர் ததீசி. அதில் பிறந்ததுதான் இந்திரனின் வச்சிராயுதம். பதக்கத்தின் நடுவில் அரசு முத்திரை, அதைச் சுற்றி நான்கு வச்சிரங்கள். பின்பக்கம் இரண்டு தாமரைகள். பட்டையான ஊதா ரிப்பனில் தொங்கும் இடத்தில் ஒரு சுழல் பிடி இருப்பதால் பதக்கத்தைத் திருப்பிப் பின்முகத்தையும் பார்க்கலாம்.

நம் தச்சர்கள் மரத்தை ஒட்டும் பசைக்கும் வஜ்ஜிரம் என்றுதான் பெயர். தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. ததீசியின் எலும்பிலிருந்து வந்த பெயர் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன், இறுக்கத்தைக் குறிக்க வந்த பெயராக இருக்கலாம். ஆனால் பேட்டன் செய்கிறவர் தினமும் புழங்கிய சட்டியில் அந்தச் சொல் கொதித்துக்கொண்டிருந்தது என்பதில் எனக்கொரு சந்தோஷம்.

விருது அறிவிக்கப்பட்டது 1950 ஜனவரி 26 அன்று. ஆனால் 1947 ஆகஸ்ட் 15 முதல் நடந்தவற்றுக்கும் பொருந்தும் என்று பின்தேதியிட்டார்கள். முதல் பெயர் மேஜர் சோம்நாத் சர்மா. 1947 நவம்பர் 3, காஷ்மீரின் பட்காம். ஹாக்கி ஆடும்போது அடிபட்ட கையில் மாவுக்கட்டு. அந்தக் கையோடு இயந்திரத் துப்பாக்கிக்காரர்களுக்குத் தோட்டா நிரப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது குண்டு விழுந்து இறந்தார். அவருடைய தம்பிதான் சாவித்ரியின் மூத்த மருமகன். பதக்கத்தை வரைந்த கைக்கும் அதை முதலில் பெற்ற வீட்டுக்கும் இப்படி ஓர் உறவு.

இதுவரை 21 பேர். ஒரு மினி பஸ்ஸில் உட்காரவைத்துவிடலாம். அதில் 14 பேர் உயிரோடு இல்லாமல் பெற்றவர்கள். 20 பேர் தரைப்படை, ஒருவர் மட்டும் விமானப்படை. வருடத்துக்கு இத்தனை என்ற கணக்கும் கிடையாது. 1971 போருக்குப் பின் 1987 வரை ஒருவர்கூட இல்லை. கடைசியாகக் கிடைத்தது 1999-இல், கார்கிலுக்கு.

இருட்டில், பனியில், யாரும் கேமரா பிடிக்காத இடத்தில் ஒருவர் செய்ததை டெல்லியில் இருப்பவர்கள் எப்படி அறிகிறார்கள்? எனக்கு உலோகத்தைவிட இதுதான் பெரிய வியப்பு. உடனிருந்தவர்கள் சொல்வதைத் திரட்டி, அந்தப் படைப்பிரிவின் தலைவர் ஒரு வீரச்சான்று எழுதுகிறார். ராணுவத்தில் அதை சைட்டேஷன் என்பார்கள். அது படியேறிப் படியேறி ராணுவத் தலைமையகம், பாதுகாப்பு அமைச்சகம், கடைசியில் குடியரசுத் தலைவர் மேசைக்குப் போகிறது. ஒவ்வொரு படியிலும் சலிக்கிறார்கள். நமக்கு இது புதிதும் அல்ல. ஊர், பேர், எந்தச் சண்டை, எப்படிச் செத்தான் என்று கல்லில் வெட்டிய நடுகற்கள் எல்லாம் சைட்டேஷன்கள்தான். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று, வீரனோடு அவன் நாயையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் எழுதியிருக்கிறது. அவ்வளவு கறாரான சாட்சியம்.

சாட்சி தவறுவதும் உண்டு. 1962-இல் லடாக்கில் சண்டையிட்ட மேஜர் தன் சிங் தாபா இறந்துவிட்டார் என்று முடிவுகட்டி, மறைவுக்குப் பிந்தைய விருது அறிவித்தார்கள். மனிதர் சீனச் சிறையில் இருந்தார், 1963-இல் திரும்பி வந்தார். 1999-இல் யோகேந்திர சிங் யாதவ் பெயரும் அதேபோல மறைந்தவர்கள் பட்டியலில் வந்தது. அப்போது அவர் மருத்துவமனையில் தேறிக்கொண்டிருந்தார். அதே படைப்பிரிவில் அதே பெயரில் இன்னொருவர் இறந்திருந்ததால் வந்த குழப்பம். பிழைத்த யோகேந்திராவுக்கு வயது 19, விருது பெற்றவர்களிலேயே இளையவர். ரெசாங் லாவில் நடந்தது இதற்கு நேர்மாறு. 1962 நவம்பர் 18 அன்று மேஜர் சைத்தான் சிங்கும் சுமார் 120 பேரும் கடைசி வரை நின்றார்கள் என்று, பிழைத்து வந்த சிலர் சொன்னதை முதலில் நம்பவில்லை. சில மாதங்கள் கழித்து ஆட்கள் அங்கே போனபோது, பதுங்கு குழிகளில் துப்பாக்கியோடு உறைந்துபோன உடல்கள் அப்படியே இருந்தன. பனியே சாட்சி சொன்னது.

1987-இல் இரண்டு பேர். ஜூன் மாதம் சியாச்சினில் பாணா சிங், ஏறக்குறைய 6,500 மீட்டர் உயரப் பனிச்சுவரில் ஏறி எதிரியின் காவல் அரணைப் பிடித்தார். நம் மலைக்கோட்டை 83 மீட்டர். அதை 78 முறை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் அந்த உயரம். ஐந்தே மாதம் கழித்து, கடல் மட்டத்தை ஒட்டிய இலங்கை மண்ணில் இன்னொருவர். மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். பம்பாயில் 1946-இல் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1972-இல் மகார் ரெஜிமென்டில் அதிகாரியானவர். அந்த 21 பேரில் தமிழர் இவர் ஒருவரே.

நவம்பர் 25, பின்னிரவு. தேடுதல் வேட்டை முடித்துப் படை திரும்பிக்கொண்டிருந்தபோது, பதுங்கியிருந்தவர்கள் சுட ஆரம்பித்தார்கள். பதுங்கித் தாக்குவது என்பது ஒரு வடிவக் கணித வேலை. வருகிறவர்கள் நடக்கும் பாதை ஒரு கோடு, சுடுகிறவர்கள் அதற்கு இணையாகவோ குறுக்காகவோ இன்னொரு கோடு. எல்லாத் துப்பாக்கியும் ஒரே பக்கம் பார்க்கும். மாட்டிக்கொண்டவருக்கு உடம்பு இடும் கட்டளை, படு. பரமேஸ்வரன் அந்த வடிவத்தின் ஓட்டையைப் பார்த்தார். எல்லாத் துப்பாக்கியும் முன்னே பார்த்தால், பின்னே பார்ப்பவர் யார்? சுற்றிவளைத்துப் பின்னால் போய்ப் பாய்ந்தார். கைகலப்பில் ஒருவர் அவர் நெஞ்சில் சுட்டார். இதயத் துடிப்பே நின்றாலும் மூளைக்குள் பத்து நொடிபோல நினைவு தங்கும். அட்ரினலின் சுரந்தால் வலி எட்டிப் போகும். உடம்பு தரக்கூடிய கடன் அவ்வளவுதான். பரமேஸ்வரன் தன்னைச் சுட்டவரின் துப்பாக்கியைப் பறித்து அவரையே சுட்டார். விழுந்தபிறகும் உயிர் போகும்வரை கட்டளை கொடுத்துக்கொண்டிருந்தார். எதிர்த்தரப்பில் ஐவர் இறந்தார்கள், மூன்று துப்பாக்கிகளும் இரண்டு ராக்கெட் லாஞ்சர்களும் கிடைத்தன என்கிறது சான்று. எதிரே நின்றவர்களும் தமிழர்கள். சான்றில் அதற்கென்று ஒரு வரி கிடையாது. தமிழில் எழுதுகிறவன் அதைத் தாண்டிப் போக முடியாது.

திருச்சிக்காரர்களுக்குத் தெரிந்த வீரர் மேஜர் சரவணன். பிகார் ரெஜிமென்ட், 1999 மே 29, படாலிக். அவருக்குக் கிடைத்தது வீர் சக்ரா, அதாவது வெள்ளி. கன்டோன்மென்ட் பக்கம் அவர் நினைவிடத்தைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு அந்தத் தலைகீழ்க் கணக்கு நினைவுக்கு வரும். வெள்ளி கீழே, வெண்கலம் மேலே. யார் எந்தப் படி என்று பிரிக்கும் சல்லடையின் கண் எவ்வளவு நுணுக்கமாக இருக்கவேண்டும்!

பரம் வீர் சக்ராவை இரண்டாம் முறை பெற்றால் ரிப்பனில் ஒரு குட்டி வச்சிரம் சேர்ப்பார்கள் என்று விதி இருக்கிறது. இதுவரை யாருக்கும் அந்த வேலை வரவில்லை. இன்னொரு விதி, படையின் கட்டளைக்குக் கீழ் பணிபுரியும் நர்சுகள், மருத்துவமனை ஊழியர்கள், சாதாரணக் குடிமக்கள், ஆணோ பெண்ணோ, யாரும் இதைப் பெறலாம் என்கிறது. பெரியவரிடம் இதைச் சொன்னேன். இரண்டாம் உலகப் போரின்போது பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் போர் விமானங்களைப் பழுதுபார்த்தது அவருக்கு அப்பா வழியாக வந்த பெருமை.

“அப்போ எங்காளுக யாராச்சும் ஒருத்தருக்குக் கெடச்சிருக்கலாங்கிற?”

“அது 47-க்கு முன்னால, ஐயா. கணக்குல வராது.”

“வேணாம் விடு” என்றார். என் கையிலிருந்த புஷ்ஷை வாங்கி, வேட்டி நுனியால் என் கைரேகையைத் துடைத்துவிட்டு, உள்ளே கொண்டுபோய்ப் பழைய இடத்திலேயே வைத்தார்.