வாந்தி நின்றது, குமட்டல் நிற்கவில்லை

பிப்ரவரி 4, உலகப் புற்றுநோய் நாள் பக்கத்தை இன்று மாலைக்குள் அச்சுக்கு அனுப்பியாக வேண்டும். கீமோ சிகிச்சை பெறுவோரிடமிருந்து வந்த கடிதங்களில் மீண்டும் மீண்டும் ஒரே குழப்பம்: 'வாந்தி கட்டுப்பட்டுவிட்டது என்கிறார் டாக்டர். எனக்கோ நாள் முழுக்க வயிற்றைப் புரட்டுகிறது.'

இரண்டும் உண்மையே. வாந்தித் தடுப்பு மருந்து ஆய்வுகளில் 'முழுப் பலன்' என்றால் வழக்கமாக வாந்தி இல்லை, கூடுதல் மருந்தும் தேவைப்படவில்லை என்றுதான் பொருள். குமட்டல் அந்தக் கணக்கில் சேராது. சோற்றைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்பவரும் பலன் பெற்றவராகப் பதிவாகலாம். இதை 'முழு' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1991இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒன்டான்செட்ரான், குடலிலிருந்து செரோடோனின் மூளைக்கு அனுப்பும் தகவலை மறித்து வாந்தியை வெகுவாகக் குறைத்தது. குமட்டல் அந்த அளவுக்கு மசியவில்லை.

என்னைக் கலங்கவைத்தது ஒரு மகளின் கடிதம். நாலாவது கீமோவுக்குப் போன அன்று, ஆஸ்பத்திரி லிஃப்ட் கதவு திறந்ததுமே அப்பா ஓங்கரித்தாராம். ஊசியே போடவில்லை. 'நடிக்கிறார்' என்கிறாராம் சித்தப்பா.

நடிப்பில்லை. ஒருமுறை ஒத்துக்கொள்ளாத பண்டத்தின் வாசனையே பிறகு வயிற்றைப் புரட்டும் அல்லவா? நஞ்சிலிருந்து காக்க உடல் கற்ற பாடம் அது. முந்தைய கீமோக்களில் கடுமையாக அவதிப்பட்டவருக்கு அதே பாடம் ஸ்பிரிட் வாசனையோடும் ட்ரிப்ஸ் பாட்டிலோடும் ஒட்டிக்கொள்கிறது. இங்கே குமட்டலைக் கிளப்புவது மருந்தல்ல, நினைவு. அதனால் வழக்கமான வாந்தி மாத்திரை இதற்குப் பெரிதாக உதவாது. தளர்வுப் பயிற்சியும், முதல் நாள் இரவு டாக்டர் தரும் லோராசிபாம் போன்ற மாத்திரையும் சிலருக்குக் கைகொடுக்கும். அதைவிட, உடல் இந்தப் பாடத்தைக் கற்காமல் பார்த்துக்கொள்வதே மேல். முதல் கீமோவிலேயே முழுப் பாதுகாப்பு மருந்து கேளுங்கள். 'பொறுத்துக்கொள்கிறேன்' என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். குமட்டினால் குமட்டுகிறது என்றே சொல்லுங்கள்.

மற்ற கேள்விகள்:

வீட்டுக்கு வந்தபின் அதிகமாகிறதே? சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தில் இரண்டாம், மூன்றாம் நாள்தான் உச்சம். தந்த மாத்திரைகளை நடுவில் நிறுத்த வேண்டாம்.

ஓலன்சபின் மனநோய் மருந்தாயிற்றே? ஆம், குமட்டலையும் நன்றாகக் குறைக்கும். அதனால் தூக்கம் அதிகமாக வந்தால், 2.5 மி.கி. போதும் என்ற மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் 2024 ஆய்வைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

இஞ்சி? ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை, மாத்திரைக்கு மாற்றாகாது.

தண்ணீர்கூடத் தங்கவில்லையென்றால்? விடியும்வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள்.