மின்னும் குவாசாரும் இரட்டைக் கருந்துளையும்

கடலில் வெகு தொலைவில் செல்லும் மாலுமிக்குக் கலங்கரை விளக்கத்தின் கட்டடம் தெரியாது. குறித்த இடைவெளியில் ஒளி வந்து வந்து போவது மட்டுமே தெரியும். அந்த இடைவெளியைக் கொண்டே, அங்கே விளக்கொன்று சுழல்கிறது என்பதை அவன் அறிந்துகொள்கிறான். தொலைதூர விண்மீன் திரள்களை ஆராயும் வானியலாரின் நிலையும் ஏறத்தாழ இதுவே. கடக விண்மீன் குழுவின் திசையில் உள்ள ஓஜே 287 என்னும் குவாசார் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

ஒளி ஏன் மாறுகிறது?

பெரிய விண்மீன் திரள்களின் மையத்தில் பொதுவாக ஒரு மாபெரும் கருந்துளை இருக்கிறது. நம் பால்வழித் திரளின் மையத்தில் உள்ளது, சூரியனைப்போல் சுமார் 40 லட்சம் மடங்கு நிறை கொண்டது. அது இப்போது உறங்குகிறது எனலாம். வேறு சில திரள்களிலோ, கருந்துளையை நோக்கி ஏராளமான வாயு பாய்கிறது. அவ்வாயு நேரே உள்ளே விழுவதில்லை. சுழன்று சுழன்று ஒரு தட்டுப்போல் பரவி, உராய்வினால் சூடேறிப் பேரொளி வீசுகிறது. இவற்றையே செயல்மிகு விண்மீன் திரள்கள் என்கிறோம். குவாசார்கள் இவ்வகையைச் சேர்ந்தவை.

இவற்றின் ஒளி ஒரே சீராக இருப்பதில்லை. வாயு கூடுதலாக விழுந்தால் ஒளி கூடும், குறைந்தால் மங்கும். இம்மாற்றத்தில் பொதுவாக ஒழுங்கு எதுவும் காணப்படுவதில்லை. ஓஜே 287இல் அத்தகைய ஓர் ஒழுங்கு தென்பட்டதுதான் வியப்பு.

பழைய தகடுகள் சொன்ன செய்தி

இதன் ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 350 கோடி ஆண்டுகள் ஆகின்றன. 1960களில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ரேடியோ தொலைநோக்கி இதனைக் கண்டறிந்தது. ஆனால் வேறு ஆய்வுகளுக்காக எடுக்கப்பட்ட பழைய புகைப்படத் தகடுகளில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே இது தற்செயலாகப் பதிவாகியிருந்தது. அந்த அளவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சுமார் 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை இது பெரிதும் ஒளிர்வது தெரிந்தது.

பின்லாந்து நாட்டு வானியலார் ஆய்மோ சில்லன்பாவும் அவருடைய குழுவினரும் 1988இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தனர். அங்கே இருப்பது ஒரு கருந்துளை அன்று, இரண்டு என்றனர். அடுத்த பேரொளி 1994இல் தோன்றும் என்றும் கணித்தனர். அவ்வாறே தோன்றியது.

பின்னர் மௌரி வால்டோனன் முதலியோர் இவ்விளக்கத்தை விரிவாக்கினர். அதன்படி பெரிய கருந்துளையின் நிறை சுமார் 1,800 கோடி சூரியன்கள். சிறியதன் நிறை 15 கோடி சூரியன்கள். சிறியது நீள்வட்டப் பாதையில் சுற்றிவரும்போது, பெரியதன் வாயுத் தட்டை ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை துளைத்துச் செல்கிறது. அப்போது வெளிப்படும் சூடான வாயு விரிவடைந்து மின்னுகிறது.

இங்கே ஐன்ஸ்டீனின் பொதுச் சார்புக் கொள்கை குறுக்கிடுகிறது. அக்கொள்கையின் விளைவாகப் புதன் கோளின் நீள்வட்டப் பாதை நூறாண்டில் 43 விகலை மட்டுமே திரும்புகிறது. ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு. ஓஜே 287இலோ, கணக்கின்படி ஒரே சுற்றில் பாதை சுமார் 39 பாகை திரும்பிவிடும்! எனவே மின்னல்கள் சரியாக 12 ஆண்டு இடைவெளியில் வாரா. சில ஓராண்டு இடைவெளியிலும், சில பத்தாண்டு இடைவெளியிலும் வரும்.

வெற்றியும் சோதனையும்

2007 செப்டம்பர் 13இல் மின்னல் நிகழும் என்று கணித்தனர். ஒரு நாள் பிசகாமல் நிகழ்ந்தது. 2019 ஜூலை 31 மின்னலை, மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தின் லங்கேஸ்வர் டே, கோபகுமார் ஆகியோர் இடம்பெற்ற குழு முன்கூட்டியே கணித்திருந்தது. அந்நாளில் ஓஜே 287 சூரியனுக்கு அருகே இருந்ததால், பூமியிலிருந்து காண இயலவில்லை. பூமியை விட்டு வெகுதொலைவு விலகிச் சென்றிருந்த ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கி அதைக் கண்டது. கணித்த நேரத்துக்கும் நிகழ்ந்த நேரத்துக்கும் வேறுபாடு நான்கு மணிக்குள் அடங்கிற்று.

ஆனால் 2022 அக்டோபரில் எதிர்பார்த்த மின்னல் தென்படவில்லை. ஸ்டெபனி கொமோசா தலைமையிலான குழு, பெரிய கருந்துளையின் நிறை சுமார் 10 கோடி சூரியன்களே என்று 2023இல் கூறியது. மின்னல் முன்னதாகவே, குவாசார் சூரியனுக்கு அருகில் இருந்தபோது நிகழ்ந்துவிட்டது என்று வால்டோனன் குழுவினர் விடை கூறினர். 1,800 கோடி எங்கே, 10 கோடி எங்கே! இவ்வழக்கு இன்னும் முடியவில்லை.

விண்மீன் திரள்கள் ஒன்றோடொன்று கலக்கும்போது, அவற்றின் கருந்துளைகள் இணை சேர்வது இயல்பே. 2023 ஜூனில், பல்சார் துடிப்புகளை ஆண்டுக்கணக்கில் அளந்துவந்த பல நாட்டுக் குழுக்கள், மிக மெதுவாக அதிரும் ஈர்ப்பலைகளுக்குச் சான்று கிடைத்திருப்பதாக அறிவித்தன. புனே அருகிலுள்ள மாபெரும் மீட்டர் அலை ரேடியோ தொலைநோக்கியைப் பயன்படுத்தும் இந்தியக் குழுவும் இதில் பங்குகொண்டது. இத்தகைய இணைகளே அவ்வலைகளை எழுப்புகின்றன என்று பலரும் கருதுகின்றனர். ஆகவே கருந்துளை இணைகள் உண்டா என்பதைவிட, ஓஜே 287 அவற்றுள் ஒன்றா என்பதே இங்குள்ள வினா.

ஒரு கொள்கை நாளும் நேரமும் குறித்துச் சொன்னால், அது தவறென்று தெரியவும் வழி பிறக்கிறது. ஓஜே 287 ஆய்வின் சிறப்பு அதுவே. கணக்கு பலித்த நாளைப் போலவே, பலிக்காத நாளும் அறிவியலுக்குப் பாடம்தான்.