பருத்த குழலென்றால் சினைப்பரா?

போர்க்காலப் படம் ஒன்று முகநூலில் வந்தால், அதிலுள்ள துவக்கின் குழலைப் பார்த்தே "இது சினைப்பர், தூரத்திலிருந்து சுட்டிருக்கிறார்கள்" என்று எழுதிவிடுகிறார்கள். துவக்குகளுக்கு நடுவே வளர்ந்த எங்களுக்கு இந்தப் பழக்கம் வந்ததில் வியப்பில்லை. ஆனால் அப்படங்களைச் சிலர் சாட்சியமாகவே எடுத்துக்கொள்வதால், குழலின் தோற்றம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை எழுத நினைத்தேன்.

குழல் பருத்திருப்பதால் சன்னத்தின் வேகம் கூடுவதில்லை. வேகத்தோடு தொடர்புள்ளது குழலின் நீளம். பருமன் தருவது விறைப்பு. சுடும் கணத்தில் குழல் ஒரு கம்பியைப்போல அதிரும். தண்டொன்றின் விட்டம் இரு மடங்கானால் விறைப்பு ஏறத்தாழ 16 மடங்காகும். அதற்கேற்ப அதிர்வு குறையும். அத்தோடு பருத்த குழல் மெதுவாகவே சூடேறும். மெல்லிய குழலால் தொடர்ந்து சுட்டால் அது விரைவில் கொதித்து, சன்னம் விழும் இடம் விலகத் தொடங்கும். ஆனால் குளிர்ந்த நிலையில், நன்றாகச் செய்யப்பட்ட மெல்லிய குழலின் முதற் சூடும் குறி தப்பாது. வேட்டைத் துவக்குகளின் குழல் பெரும்பாலும் மெலிந்திருப்பது இதனால்தான். ஓரிரு சூடு போதும். நாள் முழுவதும் சுமந்து நடக்கவும் வேண்டும்.

சில குழல்களில் நீளவாட்டில் பள்ளங்கள் இருக்கும். பார்க்க மிரட்டலாக இருக்கும், எடையும் குறையும். அதே எடையுள்ள உருண்டைக் குழலைவிட இது விறைப்பானது. பள்ளம் வெட்டுவதற்கு முன்பிருந்த குழலைவிட விறைப்புக் குறைந்தது. விற்பவர்கள் முதலாவதை மட்டுமே சொல்வார்கள்.

தோற்றம் ஏமாற்றுவதற்கு நல்ல உதாரணம், இங்கும் பலர் பார்த்திருக்கும் எம்-16. எம்-16ஏ1 இன் மெல்லிய குழல் முன்பக்கத்தில் வளைகிறது என்று அமெரிக்கப் படையில் முறைப்பாடு இருந்தது. 1980களில் வந்த எம்-16ஏ2 இல் குழலைப் பருக்கச் செய்தார்கள், ஆனால் கைப்பிடி உறைக்கு முன்னாலுள்ள பகுதியை மட்டும். உறைக்குள் இருப்பது பழைய மெல்லிய குழலேதான். எம்-203 கிரனேட் லோஞ்சரைப் பூட்ட அந்த அளவு வேண்டியிருந்தது. வெப்பம் அதிகம் தாக்குவதோ உறைக்குள் இருக்கும் பின்பகுதியை. கண்ணில் படுமிடம் பருத்தது, தேவையான இடம் மெலிந்தே இருந்தது.

பின்னர் வந்த எம்-4 குழலின் முன்பகுதியில் ஒரு வெட்டு இருக்கும். அதுவும் அந்த லோஞ்சருக்கானதே. இன்று லோஞ்சரையே காணாத துவக்குகளிலும் அழகுக்காக அதை வெட்டுகிறார்கள். தொடர்ச்சியாகச் சுடும் எம்-4ஏ1 க்குத்தான் உறைக்குள் பருத்த குழல் கொடுக்கப்பட்டது. அது வெளியே தெரியாது.

குழலின் உட்புறப் புரியும் அப்படித்தான். ஏ1 இல் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று, ஏ2 இல் நீண்ட, பாரமான சன்னத்துக்காக 7 அங்குலத்துக்கு ஒரு சுற்று. எந்தப் படத்திலும் அதைக் காணமுடியாது.