திருகோணமலை நூதனசாலையும் போர்க்கால நினைவும்

திருக்கோணேச்சரத்தைத் தரிசிக்கச் செல்லும் நம்மவருள், அந்நகரில் ஒல்லாந்தர் காலத்து மாளிகையொன்றில் அமைந்துள்ள கடற்படை நூதனசாலையினுள் நுழைந்து பார்ப்போர் மிகச் சிலரே. கடலையும் கப்பலையும் பற்றிய அக்காட்சிக்கூடத்தில் நின்று சிந்திப்பார்க்கு ஒரு வினா எழுதல் இயல்பு. எங்கோ மூண்ட இரண்டாவது உலகப் போர் நமது கீழைக் கரையை நாடி வந்தது ஏன்?

விடை அத்துறைமுகத்தின் இயல்பிலேயே உளது. ஆழம் மிகுந்து, குன்றுகள் சூழ்ந்து, எப்பருவக் காற்றிலும் பெருங் கப்பல்களுக்குப் புகலிடம் அளிப்பது அது. அதனையுணர்ந்த பிரித்தானியர், போருக்கு முன்னரே சீனன்குடாவையடுத்த காட்டினுள் எண்ணெய்க் குதங்களை அமைத்தனர். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 தொன் கொள்ளத்தக்கது. 1942ஆம் ஆண்டு பெப்ரவரி 15ஆம் திகதி சிங்கப்பூர் வீழ்ந்ததும், கீழைக் கடற்படைக்கு இலங்கைத் துறைமுகங்களே பற்றுக்கோடாயின. பகைவரின் குறியும் அவையேயாயின.

ஏப்ரில் 4ஆம் திகதி, கொக்கலையிலிருந்து பறந்த கனடா நாட்டு விமானி பேர்ச்சல் என்பார் யப்பானியக் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பினார். அதன்பின் அவரது விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாள் கொழும்பும், 9ஆம் திகதி திருகோணமலையும் தாக்கப்பட்டன. யப்பானிய விமானமொன்று எண்ணெய்க் குதமொன்றின்மீது வீழ, தீ பல நாள் அணையாது எரிந்தது.

முன்னெச்சரிக்கை கிடைத்தமையால் கப்பல்கள் முதல்நாளிரவே துறைமுகத்தை விட்டு வெளியேற்றப்பட்டிருந்தன. அவற்றுள் ஒன்று 'ஹெர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல். காலையில் திரும்பி வருமாறு பணிக்கப்பட்ட அது, மட்டக்களப்புக்கு அப்பால் பகைவர் கண்ணிற் பட்டது. விமானந்தாங்கி எனப் பெயர் பெற்றும், அன்று அதன் தளத்தில் விமானம் ஒன்றேனும் இருந்திலது! 307 பேர் அக்கப்பலோடு மாண்டனர். உடன் சென்ற அவுஸ்திரேலியக் கப்பலான 'வம்பயர்' என்பதும் மூழ்கியது. மருத்துவக் கப்பலான 'வீற்றா' ஏறக்குறைய 600 பேரை மீட்டுக் கொழும்பு சேர்த்தது. மீன்பாடும் தேன்நாட்டின் கடலடியில் 'ஹெர்மிஸ்' இன்றுங் கிடக்கின்றது.

எனினும் துறைமுகம் ஓய்ந்துவிடவில்லை. 1944ஆம் ஆண்டு ஏப்ரிலில், சுமாத்திராவின் வடமுனையிலுள்ள சபாங்கைத் தாக்கிய கப்பல்கள் திருகோணமலையிலிருந்தே புறப்பட்டன. சுதந்திர இலங்கையிடம் அக்கடற்றளம் கையளிக்கப்பட்ட ஆண்டு 1957. காட்டினுள் 99 குதங்கள் இன்னும் நிற்கின்றன.

அரணென அமைத்தவையே ஆபத்தை அழைத்தன என்பதே நாம் ஈண்டு உணரத்தக்கது. பிறர் தமக்குள் தொடுத்த போருக்கு இடங்கொடுத்தது நமது கரை. அதன்கண் இறந்தோரோ, நம் மேல்வகுப்பு மாணவரின் வயதை அண்மையிற் கடந்த இளைஞர் பலர். ஐரோப்பியப் போர்க்களங்களின் பெயர்களை நெட்டுருச் செய்யும் நம் மாணவர், தம் வீட்டு வாயிலில் நிகழ்ந்ததை அறியாதிருத்தல் தகுமா? அடுத்த முறை கோணேசர் சந்நிதி செல்வோர், அந்நூதனசாலைக்கும் ஒரு நாழிகை ஒதுக்குவாராக.