ஓசூர் வந்ததும் உப்பும் பாக்கெட்

சென்னையில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட்டை ஓசூர் பேருந்து நிலையத்தில் இறங்கியதும் எடுத்துப் பாருங்கள். வாங்கும்போது தொளதொளவென்று இருந்தது இப்போது விறைத்துக்கொண்டு நிற்கும். கெட்டுவிட்டதோ என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. கெடவில்லை. ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 880 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் சென்னையைவிட ஏறக்குறைய 10 சதவீதம் குறைவு. வெளியிலிருந்து அமுக்கும் விசை குறைந்ததும் உள்ளே அடைபட்ட வாயு விரிகிறது, அவ்வளவுதான். பெங்களூரில் அடைத்த பாக்கெட் சென்னைக்கு இறங்கினால் இதற்கு நேர்மாறாகச் சுருங்கும்.

ஆனால் இந்தச் சமாதானம் உலர்ந்த பண்டத்துக்கு மட்டும். சட்னி, கிருஷ்ணகிரி பக்கத்து ஆலைகளில் அடைக்கும் மாம்பழக் கூழ் டின் ஆகியவை உப்பினால் பெரும்பாலும் அது நுண்ணுயிர்கள் வெளியிட்ட வாயு. ருசி பார்க்காமல் தூக்கி எறிந்துவிட வேண்டும்.

"பாதி பாக்கெட் காற்றுதான்" என்று நாம் அலுத்துக்கொள்வது முழுக்கச் சரியில்லை. பெரிய நிறுவனங்கள் அடைப்பது சாதாரணக் காற்று அல்ல, நைட்ரஜன். லாரி குலுங்கும்போது சிப்ஸ் நொறுங்காமல் தாங்குவது அதன் ஒரு வேலை. ஆக்சிஜனை உள்ளே விடாமல் வைப்பது இன்னொன்று, அதுதான் முக்கியம். எண்ணெயில் பொரித்த எதற்கும் எதிரிகள் இரண்டு. ஈரம் பட்டால் நமத்துப்போகும். ஆக்சிஜன் பட்டால் எண்ணெய் சிதைந்து சிக்கு வாடை அடிக்கும். வெளிச்சமும் வெப்பமும் இந்தச் சிதைவை விரைவுபடுத்துகின்றன. வெயில் விழும் ஜன்னலோரம் பலகாரப் பையை வைக்காதீர்கள் என்பது இதனால்தான்.

உண்மையில் பண்டத்தைக் காப்பது பாக்கெட்டில் தொடங்குவதில்லை, வாணலியில் தொடங்குகிறது. முறுக்கைப் போட்டதும் எழும் சலசலப்பு, மாவிலுள்ள நீர் ஆவியாகி வெளியேறும் சத்தம். குமிழி அடங்கியதும் எடு என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது ஈரம் அளக்கும் முறைதான். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற மணப்பாறை முறுக்கை இரண்டு முறை பொரிக்கிறார்கள். முதல் பொரிப்பில் தங்கிய ஈரமும் இரண்டாவதில் போய்விடுகிறது. ஓசூர் பேக்கரிகளில் விற்கும் நிப்பட்டு, நம் தட்டையின் கன்னடத்துத் தங்கை. நிலக்கடலையை ஒன்றிரண்டாக இடித்துப் போடுவதால் தின்ன ருசி. ஆனால் இடிபட்ட கடலையின் எண்ணெய் காற்றில் படும் பரப்பு கூடிவிடுகிறது, சிக்கு வாடை சீக்கிரம் வரும். வெங்காயம் சேர்த்த நிப்பட்டானால் ஈரமும் சேர்ந்துகொள்ளும். நெடும்பயணத்துக்கு அதை வாங்காதீர்கள், கடை வாசலிலேயே தின்றுவிடுங்கள்.

சாதாரண பாலித்தீன் உறை நீராவியை நன்றாகத் தடுக்கும், ஆக்சிஜனைத் தடுக்காது. கடைப் பையில் இருக்கும் மிக்சர் மொறுமொறுப்பு குறையாமலே வாடை அடிப்பதன் காரணம் இதுதான். பெரிய நிறுவனங்களின் உறை பல அடுக்கு கொண்டது. வெளியே அச்சு ஏற்கும் படலம், உள்ளே சூட்டில் உருகி ஒட்டும் படலம், நடுவில் தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கே இருக்கும் அலுமினியப் பூச்சு. வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கிப் படிய வைக்கிறார்கள். ஆக்சிஜன், நீராவி, வெளிச்சம் மூன்றுக்கும் அது தடை.

சிறு பலகாரக் கடைகளில் இருக்கும் கை சீலரின் சூட்சுமம் எளிது. டெப்லான் துணிக்கு அடியில் ஒரு நிக்ரோம் பட்டை. கைப்பிடியை அழுத்தினால் ஒரு நொடி மின்சாரம் பாய்ந்து பட்டை சுடும், உறையின் இரு ஓரங்களும் உருகி ஒட்டும். சீலரில் எரியும் விளக்கு அணைந்ததும் கையை எடுத்துவிடுவது பலர் செய்யும் தப்பு. ஒட்டிய இடம் ஆறி இறுகும்வரை இன்னும் ஓரிரு நொடி அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். வாய்ப்பகுதியில் மாவுத் தூளோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் ஒட்டியது போலத் தெரியும், காற்று கசியும்.

வீட்டில் கட்டுகிறவர்கள் முதலில் பண்டத்தை முழுக்க ஆறவிட வேண்டும். சூடாக அடைத்தால் ஆவி உறைக்குள்ளேயே நீர்த்துளியாகித் திரும்பிவரும். ஓசூரின் மார்கழி இரவுகளில் காற்று ஈரமாக இருக்கும். அந்த நேரத்தில் விரித்து ஆறவைக்காமல், நடுப்பகலில் கட்டுவது நல்லது. ஒரே பெரிய டப்பாவாக வேண்டாம். திறக்கும் ஒவ்வொரு முறையும் ஈரக்காற்று புகுகிறது. ஒருவேளைக்கு ஒன்றாகச் சிறு பொட்டலங்கள் போடுங்கள்.

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகளில் வேலை செய்யும் பீகார் இளைஞர்கள் ஊருக்குப் போக இரண்டு நாள் ரயிலில் இருக்க வேண்டும். அவர்கள் நாட்டு வழித்துணை சத்து மாவும் டேக்குவாவும். ஒன்று வறுத்து அரைத்த கொண்டைக்கடலை, மற்றது கோதுமை மாவில் வெல்லம் சேர்த்துப் பொரித்தது. நம் பொரிவிளங்காய் உருண்டையும் இதே கணக்குதான். வறுப்பதால் நீர் போகிறது, மிஞ்சிய நீரை வெல்லம் பிடித்துக்கொள்கிறது, நுண்ணுயிருக்குக் குடிக்க எதுவும் இல்லை.

சோறு வேறு விஷயம். வேகவைத்த பிறகும் அரிசியில் சில பாக்டீரியாக்களின் வித்துகள் உயிரோடு இருக்கும். புளியோதரையில் அவற்றை அடக்கிவைப்பது புளியின் அமிலம். அதற்காக இரண்டு நாள் நம்ப வேண்டாம், புறப்பட்ட அன்றே தின்றுவிடுங்கள். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி காயாமல் இருப்பது நல்லெண்ணெய்ப் பூச்சால். எள்ளில் இயற்கையாகவே ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்கள் இருப்பதால் அந்த எண்ணெய் சட்டென்று கெடாது.

எதில் கட்டினாலும் செய்தித்தாளில் கட்டாதீர்கள். எண்ணெய் அச்சு மையைக் கரைத்துப் பண்டத்தில் ஏற்றிவிடும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு பேக்கேஜிங் விதிகளும் அதைத் தடை செய்திருக்கின்றன. கடைக்காரர் தாளைக் கிழித்தால், வாழையிலையிலோ வெள்ளைத்தாளிலோ கட்டித் தரச்சொல்லிக் கேளுங்கள்.