துன்பம் ஏன்? கிறிஸ்தவ இறையியல் தரும் விடைகள்

2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காடு ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். கிறிஸ்துமஸ் நாளைக் குடும்பத்தோடு கழிக்க வந்தவர்கள். பெண்களும் குழந்தைகளும் அவர்களில் அடக்கம். அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், 2004 டிசம்பர் 26 அன்று, சுனாமி தமிழகக் கடலோரத்தையே உலுக்கியது. பண்டிகைக்காக வேளாங்கண்ணி வந்திருந்த யாத்ரீகர்கள் பலரும் அன்று மாண்டனர்.

இறைவன் அருளாளன், அனைத்துக்கும் ஆற்றலுள்ளவன் என்றால் இது ஏன் நடக்கிறது? இந்தக் கேள்வி எல்லாச் சமயத்தாரிடமும் எழுகிறது. பழவேற்காட்டில் பள்ளிவாசல்களும் மகிமை மாதா ஆலயமும் ஒரே ஊரில் இருக்கின்றன. அண்டை வீட்டுத் துக்கத்துக்குச் செல்லும் நாம், அவர்கள் அதை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று அறிந்திருப்பது நல்லது.

கிறிஸ்தவ இறையியலில் இதற்கு ஒரே விடை இல்லை. முக்கியமானவை மூன்று.

முதலாவது, வட ஆப்பிரிக்காவில் வாழ்ந்த அகஸ்டின் (354-430) தந்தது. தீமை என்பது இறைவன் படைத்த ஒரு பொருள் அல்ல. ஒளி இல்லாமை இருள் ஆவதுபோல நன்மையின் குறைவே தீமை. மனிதன் தன் சுதந்திரத்தைத் தவறாகப் பயன்படுத்தியதால் அது நுழைந்தது. படகில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றுவது போன்ற தவறுகளுக்கு இந்த விளக்கம் எளிதில் பொருந்தும். கடல் பொங்குவதற்கு? முதல் மனிதரின் பாவத்தால் படைப்பு முழுவதுமே சீர்குலைந்தது என்பது அவர்கள் பதில்.

இரண்டாவது, இரண்டாம் நூற்றாண்டின் ஐரேனியஸ் வழி வந்தது. மனிதன் முழுமை பெறாதவனாகப் படைக்கப்பட்டான்; சோதனைகளின் ஊடே அவன் பக்குவம் அடைகிறான்.

மூன்றாவது சிலுவை. கடவுளே மனிதனின் வேதனையில் பங்கேற்றார் என்று அவர்கள் நம்புகிறார்கள். இதைத்தான் தமிழ்க் கிறிஸ்தவர்கள் 'இயேசுவின் பாடுகள்' என்கிறார்கள். பழவேற்காட்டு மீனவருக்குப் 'பாடு' என்றால் முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் மீன்பிடி இடம். கிறிஸ்தவ மீனவருக்கு அதே சொல் இயேசுவின் வேதனையையும் குறிக்கும். துன்பப்படுபவர் அந்தப் பாடுகளில் இணைகிறார் என்பதை விளக்கி 1984-இல் போப் இரண்டாம் ஜான் பால் தனி மடலே எழுதினார்.

இங்கு நமக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாடு தெளிவானது. ஆதம் (அலை) தவ்பா செய்தார்கள், மன்னிக்கப்பட்டார்கள். அவர்களின் தவறு எந்தக் குழந்தையின் மீதும் சுமத்தப்படவில்லை. நபி ஈஸா (அலை) சிலுவையில் அறையப்படவும் இல்லை. சோதனையில் பொறுமை, மறுமையில் கூலி என்பதே நம் வழி.

ஆனால், இரு சமயத்தாரும் உடன்படும் ஓர் இடம் உண்டு. பைபிளின் யோபுவை நாம் அய்யூப் (அலை) என்று அறிவோம். பைபிளில் அவர் கடுமையாக வழக்காடுகிறார். குர்ஆனில் அவர் பொறுமையின் முன்மாதிரி. இரண்டிலும் அவர் நல்லடியார். அவருடைய துன்பம் பாவத்தின் கூலி அல்ல. 'நீ பாவம் செய்திருப்பாய்' என்று வற்புறுத்திய நண்பர்களை இறைவன் கண்டித்ததாகவே பைபிள் சொல்கிறது. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தபோதும், அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் அல்லர் என்று இயேசு கூறியதாக லூக்கா எழுதுகிறார். நீரில் மூழ்கி இறக்கும் முஃமினுக்கு ஷஹீதின் அந்தஸ்து உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள்.

ஆகவே, கடலில் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில் நின்று 'இது தண்டனை' என்று சொல்ல எவருக்கும் அவர் வேதத்தில் இடமில்லை. அந்த வீட்டுக்கு உணவு கொண்டுபோவோம், கூட உட்கார்ந்திருப்போம், கேட்டால் மட்டும் பேசுவோம்.

துயருற்ற ஒவ்வொரு குடும்பத்துக்கும் அல்லாஹ் ஆறுதல் அளிப்பானாக, ஆமீன்.