திரையில் எழும்பும் மரச்சுவர்

கம்ப்யூட்டர் விளையாட்டில் வீடு கட்டச் செங்கல்லும் சிமென்ட்டும் வேண்டாம். ஆனால் அந்த வீடு 1750-களின் மாசசூசெட்ஸ் வீடாகத் தெரிய வேண்டுமென்றால் சுவருக்கு மெனக்கெடத்தான் வேண்டும். ‘தி சிம்ஸ்’ விளையாட்டுக்குப் பழங்கால மரப்பலகைச் சுவர்களை வடிவமைக்கும் ஆர்வலர்கள் அந்த வேலையைத்தான் செய்கிறார்கள்.

2000-இல் வெளிவந்த சிம்ஸ், மனிதரின் அன்றாட வாழ்க்கையையே விளையாட்டாக்கியது. அதை உருவாக்கிய வில் ரைட், 1991-இல் ஓக்லண்டில் பரவிய பெருந்தீயில் தன் வீட்டை இழந்தவர். வாழ்க்கையை மறுபடி அமைத்த அனுபவத்திலிருந்துதான் இந்த விளையாட்டுக்கான யோசனை பிறந்தது. ஆடுபவர்களில் பலருக்குப் பாத்திரங்களை வளர்ப்பதைவிட வீடு கட்டுவதில்தான் மோகம்.

விளையாட்டைப் பொறுத்தவரை சுவர் என்பது ஒரு படம். ஒரு கட்டத்தின் அகலத்துக்கு வரைந்ததையே அது அடுத்தடுத்து ஒட்டிக்கொண்டு போகும். இடது ஓரமும் வலது ஓரமும் பிசிறில்லாமல் சேர வேண்டும். அழகாக இருக்கிறதே என்று மரத்தில் பெரிய கணு ஒன்றை வரைந்தால் போச்சு. நீளச் சுவரில் அதே கணு வரிசைகட்டி நின்று குட்டை உடைத்துவிடும். சிம்ஸ் 4-இல் சுவருக்கு மூன்று உயரங்கள் உண்டு. குட்டைச் சுவரின் படத்தை அப்படியே இழுத்து நீட்டினால் பலகைகள் பருத்துப்போகும். அதனால் ஒவ்வோர் உயரத்துக்கும் தனிப் படம் தேவை.

இவையெல்லாம் பழகினால் கைவந்துவிடும். சரித்திரம்தான் கஷ்டம்.

17-ஆம் நூற்றாண்டில், மாசசூசெட்ஸ் அடங்கிய நியூ இங்கிலாந்துப் பகுதியில் குடியேறியவர்கள் ஓக் மரத்தை ஆரவாக்கில் பிளந்து பலகை எடுத்தார்கள். ஒரு விளிம்பு மெல்லியது, மற்றது தடித்தது. கூரை ஓடு போல, மேல் பலகையின் தடித்த விளிம்பு கீழ்ப் பலகையின் தலைமேல் ஏறி உட்காரும்; மழைநீர் உள்ளே புகாது. ஆகவே வரைபவர் மரத்தின் ரேகையைவிட, ஒவ்வொரு பலகைக்கும் அடியில் விழும் நிழல்கோட்டில்தான் கவனம் வைக்க வேண்டும். அந்த நிழல் இல்லாவிட்டால் சுவர் வெறும் கோடுபோட்ட காகிதம். 18-ஆம் நூற்றாண்டின் சில வீடுகளில் தரையை ஒட்டிய பலகைகள் நெருக்கமாகவும், மேலே போகப்போக இடைவெளி கூடியும் இருக்கும். பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

பலகைகளைச் செங்குத்தாக நிறுத்தி, இடுக்குகளை ரீப்பரால் மூடும் பாணியோ, ஆண்ட்ரூ ஜாக்சன் டவுனிங் என்ற எழுத்தாளரின் நூல்கள் வழியாக 1840-களுக்குப் பிறகு அமெரிக்காவில் பரவியது. அதை 1750-களின் வீட்டில் ஒட்டினால் காலம் குழம்பும். வெள்ளை நிறமும் அப்படித்தான். பளிச்சென்ற வெள்ளை வீடுகள் பெருகியது 19-ஆம் நூற்றாண்டில், கிரேக்கப் பாணி மோகத்தோடு. அதற்கு முந்திய வீடுகளில் பல வண்ணமே காணாமல் வெயிலில் கறுத்து நின்றவை.

மாதிரி தேடுவோருக்கு ஒரு புதையல் இருக்கிறது. 1933-இல் அமெரிக்க அரசு பழைய கட்டடங்களை அளந்து ஆவணப்படுத்தத் தொடங்கியது. அந்த வரைபடங்களும் புகைப்படங்களும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சுவர் வரைய நினைப்பவர்கள் முதலில் அங்கே போய்ப் பார்க்கட்டும்.